புடவைத் தலைப்பில் ஒரு நாட்குறிப்பேடு

காஞ்சிபுரத்துப் பட்டுப்புடவை ஒன்று நாளடைவில் மடிப்பு மடிப்பாக விட்டுப்போய், இனி எந்தச் சுபகாரியத்துக்கும் உடுத்தி நிற்க லாயக்கில்லை என்று வீட்டார் முடிவு கட்டிவிட்டால், பெரும்பாலும் அதன் கதி நெருப்புதான். பழம்பட்டு வாங்குகிற வியாபாரி தெருவோடு குரல் கொடுத்துக்கொண்டு வருகிறார். புடவையைப் பிரித்து, ஜரிகையை உரைகல்லில் இழைத்துப் பார்த்து, எடை போட்டு, பேசின விலையைக் கையில் வைத்துவிட்டு எடுத்துச் செல்கிறார். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. அதன் எடையில் பாதிக்குமேல் வெள்ளி இருந்த காலத்துப் புடவைகளே இன்று இவ்விதம் விலை போகின்றன. பட்டு எரிந்து சாம்பலாகிறது. வெள்ளி உருகிக் கட்டியாகிறது. நெசவாளி ஒருவர் தம் குடும்பத்தோடு பல நாள் தறியில் உட்கார்ந்து கோர்வை போட்டுச் சேர்த்த கரையும், யாளியும் அன்னமும் வரிசை பிடித்த தலைப்பும், ஓர் அம்மாள் தம் மணப்பந்தலில் தொடங்கிப் பேரனுடைய ஆண்டுநிறைவு வரையில் அதை உடுத்திய உரிமையும், எல்லாம் சேர்ந்து கடைசியில் சில கிராம் உலோகமாகக் கணக்காகிவிடுகின்றன.

அவ்வாறு எரிந்துபோக இருக்கும் வஸ்திரத்தை வெட்டி, அட்டைக்குப் போர்த்தி, கையால் செய்த காகிதத்தைப் பாரம் பாரமாகத் தைத்து உள்ளே சேர்த்து, நாட்குறிப்பு எழுதுவதற்கான ஏடாக்குகிற கைத்தொழில் ஒன்று நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் சில காலமாகப் பரவி வருகிறது. கைவினைப் பொருட்காட்சிகளில் மேசைமேல் அடுக்கிவைத்த இவ்வேடுகளைக் கண்டு, இது நாகரிகமானவர்கள் பரிசளித்துக்கொள்ளும் பண்டம், நமக்கு இதில் என்ன பிரயோஜனம் என்று நகர்ந்துவிடுகிறவர்கள் பலர். நான் அவ்விதம் நினைக்கவில்லை. உடுத்தியவரின் ஞாபகம் தாங்கிய துணியும், உயிரோடிருப்பவர் எழுதப்போகும் தாளும் ஒரே கட்டில் சேர்வதற்கு நம் வாழ்க்கையில் பொருத்தமான ஸ்தானம் உண்டென்றும், அந்த ஸ்தானத்தை அடைவதற்கு வேண்டிய சிரத்தை இத்தொழிலில் இன்னும் முழுமையாகச் செலுத்தப்படவில்லை என்றும் கருதுகிறேன். இக்கட்டுரை அதைக் குறித்தே.

பழந்துணியால் புத்தகத்தைக் காப்பது நமக்குப் புதிய சம்பிரதாயமல்ல. ஓலைச் சுவடிகளைச் சட்டம் வைத்துக் கட்டித் துணியில் சுற்றி வைத்த வீடுகள் இந்த நாடெங்கும் இருந்தன. வங்காளத்துப் பெண்கள் நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சேலைகளின் கரையிலிருந்தே உருவிய வர்ண நூலால் ஓட்டுத்தையல் போட்டுக் காந்தா என்னும் தையல் துணிகளைச் செய்தார்கள். அவற்றுள் புத்தகங்களைப் பொதிந்து வைப்பதற்கென்றே ஒரு வகை தனியாக இருந்தது. குருசதய் தத்தர் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரி (1882–1941) ஊர் ஊராகச் சென்று சேகரித்த காந்தாக்கள் கல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரால் அமைந்த காட்சிசாலையில் இடம்பெற்றன. குஜராத்தி வியாபாரிகள் தீபாவளியன்று பூஜையில் வைக்கும் கணக்கு ஏடுகளுக்குச் சிவப்புத் துணி போர்த்துகிறார்கள். நம் ஊரிலோ, மஞ்சள் தடவிப் புதுக்கணக்கு எழுதும் பேரேடுகளைத் தவிர, வீட்டு பைண்டிங் என்று ஒரு கலையே நடைபெற்றது. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் தொடராக வெளிவந்தபோது, வாரந்தோறும் அந்தப் பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்து, கடைத்தெரு பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ பைண்டு செய்து வைத்துக்கொண்ட குடும்பங்களை எண்ணி மாளாது. கடைக்குப் போகாமல் வீட்டிலேயே தைத்தவர்கள் முதுகுக்குப் பழைய வேட்டிக் கிழிசலையும், மேலுக்குக் கிழிந்த பாவாடையின் நல்ல பாகத்தையும் உபயோகித்தார்கள். அப்புத்தகங்களில் சில இன்றும் கட்டு விடாமல் இருக்கின்றன.

இதைவிட ஆழமான உறவு ஒன்று துணிக்கும் தாளுக்கும் உண்டு. மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையை ஜெர்மானியரான கெல்லர் 1844 வாக்கில் கண்டுபிடித்து, அது ஆலைகளில் நிலைபெறும் வரையில், ஐரோப்பாவின் காகிதமெல்லாம் கந்தைத் துணியிலிருந்தே பிறந்தது. உடுத்திக் கிழிந்த சணல்நார்த் துணியும் பருத்தித் துணியும் ஊறவைக்கப்பட்டு, இடிக்கப்பட்டு, நார் நாராகப் பிரிந்து, தண்ணீரில் மிதந்து, சல்லடைச் சட்டத்தில் ஏடாகப் படிந்து, கம்பளியின் நடுவே அழுத்தப்பட்டுக் காய்ந்தன. துணியின் நீண்ட நார் அத்தாளில் இருந்தபடியால், 500 வருஷத்துக்கு முந்திய புத்தகங்கள் இன்றும் புரட்டக்கூடியனவாக இருக்கின்றன. மரக்கூழில் அச்சான சென்ற நூற்றாண்டுச் சஞ்சிகைகளோ தொட்டால் பொடிகின்றன. இந்தியாவில் அழிந்துகொண்டிருந்த கைக்காகிதத் தொழிலுக்கு மறுபடியும் உயிரளித்தவர்களுள் முக்கியமானவர் தஞ்சாவூரிலே 1892-ல் பிறந்த ஜே. சி. குமரப்பா. 1934-ல் காந்தியடிகளின் விருப்பப்படி அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் காரியதரிசியாகி, வார்தாவிலிருந்து அவர் நடத்திய முயற்சிகளில் கைக்காகிதத்துக்குத் தனி இடம் இருந்தது. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கனேரில், காகிதம் செய்வதையே குலத்தொழிலாகக் கொண்ட காக்ஜி சமூகத்தார் வாழும் ஊரில், தேசியக் கைக்காகித நிலையத்துக்கு அவருடைய பெயரே இடப்பட்டிருக்கிறது. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தைச் சார்ந்த கைக்காகிதச் சாலை 1959 முதல் நடந்து வருகிறது. தையற்கடையிலும் பனியன் ஆலையிலும் கழிந்து விழும் பருத்தித் துண்டுகளே இத்தொழிலுக்கு மூலப்பொருள். ஆகவே பழம்புடவை போர்த்திய கைக்காகித ஏட்டில், உள்ளிருக்கும் தாளும் வெளியிலிருக்கும் உறையும் ஒரே வம்சத்தவை. ஒன்று கூழாகித் திரும்பி வந்தது, மற்றொன்று நெய்த கோலத்திலேயே வந்தது, அவ்வளவே வித்தியாசம்.

மேனாட்டிலும் துணி போர்த்திய புத்தகத்துக்கு ராஜகுலத்து உதாரணங்கள் இருக்கின்றன. பிற்காலத்தில் இங்கிலாந்தின் அரசியான எலிஸபெத், 11 வயதுச் சிறுமியாக இருந்தபோது, நவார் அரசி மார்கரெட் பிரெஞ்சில் இயற்றிய ஒரு பக்திக் கவிதையை ஆங்கில வசனத்தில் பெயர்த்துத் தம் கையாலேயே எழுதி, 1545-ம் வருஷப் பிறப்புக்குக் காணிக்கையாகத் தம் சிற்றன்னை காதரின் பாருக்கு அளித்தார். நீல நிறத் தளத்தின்மேல் வெள்ளியும் தங்கமுமான இழைகளால் பின்னல் வேலை செய்து, நடுவில் சிற்றன்னையின் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்து, மூலைகளில் பூக்களை வைத்த அந்த உறையையும் அச்சிறுமியே தைத்தாள் என்று நம்பப்படுகிறது. ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் அது இன்றும் இருக்கிறது. பிரசுரகர்த்தர்கள் புத்தகங்களுக்குத் துணி அட்டை போட்டு விற்கத் தொடங்கியது 1820-களில்தான். அதற்கு முன்பெல்லாம் துணி உறை என்பது ஒருவர் ஒருவருக்காக விசேஷமாகச் செய்தது.

இனித் தொழிலுக்கு வருவோம். எந்தப் பழந்துணியும் உறையாகிவிடும் என்று எண்ணுவது பிழை. பட்டு ஒரு பிராணியின் உடலிலிருந்து வந்த நூல். வெயிலும் வேர்வையும் அதை உள்ளூர அரிக்கின்றன. பெட்டியில் வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த புடவையில், ஜரிகைக் கம்பி அழுந்திய கோட்டிலேயே பட்டு முதலில் அறும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஊசிக்கண் போன்ற வெடிப்புகள் தென்படும் பாகத்தை ஒதுக்கவேண்டும். பிறகு இரண்டு கட்டைவிரல்களாலும் பாவின் போக்கிலும் ஊடையின் போக்கிலும் மெல்ல இழுத்துப் பார்க்கவேண்டும். ‘சர்’ என்று ஒரு மெல்லிய சப்தம் கேட்டால் அந்த இடம் எழுத்து ஏட்டுக்கு ஆகாது. அடிக்கடி கையில் எடுத்துப் புழங்குகிற ஏட்டுக்குப் பட்டைவிடப் பருத்தியே உத்தமம் என்பது என் துணிபு. செட்டிநாட்டுக் கண்டாங்கியின் முரட்டு நூலும் பெரிய கட்டங்களும், எத்தனையோ வெளுப்புக்குப் பிறகு மெத்தென்று ஆகிவிட்ட மதுரைச் சுங்குடியின் புள்ளிகளும் அட்டையின்மேல் படிகிற அழகுக்குப் புதிய துணி எதுவும் ஈடாகாது. சுங்குடியில் முடிச்சிட்டுக் கட்டிய இடத்தின் சுருக்கம், நெடுநாள் உடுத்திய பின்பும் சிறிது மிச்சம் நிற்கும். ஏட்டைக் கையில் எடுக்கும்போது விரல் அதை உணர்கிறது. பட்டை ஏடாக்க விரும்புகிறவர்கள் கோர்வைக் கரையை ஒட்டிய பாகத்தைத் தேர்ந்துகொள்வது நல்லது. புடவையில் உழைப்பும் உறுதியும் அதிகம் சேர்ந்த இடம் அதுவே.

துணியை அப்படியே பசை தடவி அட்டையில் ஒட்டினால், பசை நெசவின் இடைவெளி வழியாக மேலே கசிந்து, காய்ந்தபின் வெண்திட்டுகளாக நிற்கும். பலருடைய முதல் ஏடு பாழாவது இவ்விடத்திலேதான். ஆகையால் துணிக்கு முதலில் பின்புறமாக ஒரு மெல்லிய தாளை ஒட்டி, அதைத் தாளும் துணியுமான ஒரே பொருளாக்கிக்கொள்ளவேண்டும். வழவழப்பான பலகையின்மேல் துணியை முகம் கீழாக விரித்து, நீர் தெளித்து நனைத்து, கட்டங்கள் கோணாமல் நூல் நூலாக விரல் நுனியால் நேர்செய்வது இந்த வேலையில் மிகவும் பொறுமை கேட்கும் பகுதி. கண்டாங்கியின் கட்டம் ஒரு நூல் சாய்ந்தாலும் அட்டையின் விளிம்போடு ஒப்பிட்டுக் கண் அதைக் கண்டுபிடித்துவிடும். பசையைத் துணிக்குத் தடவாமல் தாளுக்குத் தடவி, அத்தாளைத் தூக்கி ஈரத்துணியின்மேல் மெதுவாக இறக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூரிகையால் நீவிவிட்டால், காற்றுக்குமிழி ஒன்றும் இல்லாமல் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பசை கோதுமை மாவில் காய்ச்சியது. பைண்டர்கள் பூச்சி அண்டாமல் இருக்கப் பசையில் சேர்க்கும் மயில்துத்தத்தை, ஜரிகைத் துணிக்கும் வெளிர்நிறத் துணிக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்; அது நீலமும் பச்சையுமாகக் கறை விடக்கூடியது.

தாள்களை நாலு நாலாக எடுத்து நடுவில் மடித்தால் 16 பக்கங்கள் கொண்ட ஒரு பாரம் கிடைக்கும். மடிப்பின் முதுகில் குத்தூசியால் துளையிட்டு, தேன்மெழுகு தேய்த்த நூலால் ஒவ்வொரு பாரத்தையும் அடுத்ததோடு பிணைத்துத் தைக்கவேண்டும். குறுக்கே நாடா கொடுத்துத் தைத்தால் உறுதி கூடும். அந்த நாடாவையும் கடையில் வாங்காமல், அதே புடவையின் கெட்டிக்கரை ஓரத்திலிருந்து கிழித்து எடுத்துக்கொண்டால், உறையிலே மாத்திரமல்லாமல் ஏட்டின் எலும்பிலேயே அந்தப் புடவை சேர்ந்துவிடும். பிறகு அட்டைகள் இரண்டு, நடுவே முதுகுக்கு ஒரு கீற்று, இவற்றுக்கிடையில் திறந்து மூடுவதற்கு வேண்டிய சந்து. சுற்றிலும் சுமார் 2 சென்டிமீட்டர் துணி விட்டு, மூலைகளைச் சாய்வாகக் கத்தரித்து உள்ளே மடித்து ஒட்டுவது. மூலையில் வெட்டு அட்டையின் நுனிக்கு மிகவும் நெருங்கிவிட்டால் அட்டை வெளியே எட்டிப் பார்க்கும். மிகவும் விலகிவிட்டால் மடிப்பு புடைத்துக்கொள்ளும். அட்டையின் கனத்தைப்போல் ஒன்றரை மடங்கு இடம் விடுவது அனுபவஸ்தர்கள் கைக்கொள்ளும் அளவு. உறைத்துணி காயும்போது அட்டையை வெளிப்புறமாக வளைத்து இழுக்கும். உள்பக்கத்தில் ஒட்டும் தாள் அதை எதிர்ப்புறமாக இழுத்துச் சமன் செய்யும். இவ்விரண்டு இழுப்பும் தீருமட்டும் ஏட்டைப் பளுவின் கீழ் ஓர் இரவாவது வைத்திருக்கவேண்டும். அவசரப்பட்டு எடுத்த ஏடு பிறகு எந்தப் பளுவுக்கும் நேராகாது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்பவர்களைவிட, இத்தொழிலைப் பெரிய அளவில் நடத்துவதற்காக நல்ல துணியைக் கத்தரிக்கிறவர்களைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். பழந்துணிக்கு மதிப்பு ஏறியதும், இன்னும் பத்து வருஷம் உடுத்தக்கூடிய புடவையும், காட்சிசாலையில் வைத்துக் காக்கத்தக்க பழைய நெசவும் கத்தரிக்கோலுக்கு வந்துவிடுகின்றன. புதுத்துணியில் அச்சடித்து, மங்கச் செய்து, பழையது என்று விற்பதும் நடக்கிறது. உடுத்த முடிந்த புடவை உடுத்தப்படவேண்டும். இன்று எவரும் நெய்யாத புட்டாவோ கரையோ உள்ள புடவை, கிழிந்திருந்தாலும், விஷயம் அறிந்த ஒருவரிடம் காட்டாமல் வெட்டப்படக்கூடாது. தறியில் அதைத் திரும்ப நெய்ய விரும்பும் நெசவாளிக்கு அந்தக் கிழிசல்தான் மூலப்பிரதி. இந்த இரண்டு வகையையும் விலக்கிய பிறகு, நெருப்புக்கும் பெட்டிப்பூச்சிக்கும் விடப்பட்ட துணிகள் எந்த வீட்டிலும் குறைவின்றியே இருக்கின்றன. தொழிலுக்கு அவை போதும்.

ஏட்டைக் கட்டி முடித்தவர்கள் செய்யத் தவறுகிற காரியம் ஒன்று இருக்கிறது. எகிப்தில் நாக் ஹம்மாதி என்னும் இடத்துக்கு அருகே 1945-ல் மண்ணுக்குள்ளிருந்து தோலுறை போட்ட பழம்புத்தகங்கள் அகப்பட்டன. உறைகள் விறைப்பாக இருப்பதற்காக அவற்றைக் கட்டியவர்கள் உள்ளே பழைய பாப்பிரஸ் தாள்களை அடுக்கி ஒட்டியிருந்தார்கள்: தேவையற்றுப்போன கடிதங்கள், கணக்குகள், ரசீதுகள். அவற்றைப் பிரித்துப் பார்த்த அறிஞர்களுக்கு, கி.பி. 341, 346, 348 என்ற வருஷங்கள் கிடைத்தன. அப்புத்தகங்கள் ஏறக்குறைய எப்பொழுது கட்டப்பட்டன என்று நிர்ணயிப்பதற்கு அந்தக் கழிவே ஆதாரமாயிற்று. நாம் போர்த்துகிற புடவையில் எழுத்து எதுவும் கிடையாது. அது யாருடையது, எந்த ஊரில் எந்த வருஷம் எடுத்தது, எந்த விசேஷத்துக்கு உடுத்தியது, எதனால் கிழிந்தது என்பவை, வீட்டில் விவரம் தெரிந்த கடைசி மனிதர் இருக்கும் வரையில்தான் தெரியும். அதற்குப் பிறகு அது வெறும் அரக்கு நிறத் துணி. ஆகவே கடைசித் தாளில் இவ்விவரங்களை ஆறேழு வரியில் எழுதி, வெட்டியவர், தைத்தவர் பெயரையும் தேதியையும் சேர்த்த பிறகே ஏட்டை முடிந்ததாகக் கொள்ளவேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். என் பாட்டியின் மாம்பழ நிறப் புடவையில் கட்டிய ஏடு ஒன்று என்னிடம் இருக்கிறது. கடைசித் தாளில் என் அத்தை தம் கையெழுத்தில், அந்தப் புடவையின் இடது ஓரம் சமையலறைத் தணலில் பொசுங்கியதையும், அன்று பாட்டி அதற்காக அழாமல், கொப்புளம் கண்ட குழந்தைக்காக அழுததையும் எழுதி வைத்திருக்கிறார். பொசுங்கிய விளிம்பு பின்னட்டையில் கட்டைவிரல் அகலத்துக்குத் தெரியும்படியே விடப்பட்டிருக்கிறது.

உள்ளே எழுத வேண்டியதைப் பற்றியும் சொல்லவேண்டும். அழகான ஏட்டைக் கையில் வாங்கியவர்கள் அதை எழுதிக் கெடுப்பானேன் என்று அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல், அந்நகரம் ஆங்கிலேயர் வசமான அதே 1761 ஜனவரியில் தாம் காலமாகும் வரையில், தமிழில் தினப்படிச் செய்திகளை எழுதி வந்தார். துணி வியாபாரத்தின் நடுவே வாழ்ந்தவர் அவர். கப்பல் வந்ததும் போனதும், சரக்கின் விலையும், துரைமாரின் கோபதாபங்களும், வீட்டு விசேஷங்களும், நல்ல சகுனமும் கெட்ட சகுனமும் அவருடைய குறிப்பில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. உயர்ந்த விஷயம் என்று எதற்காகவும் அவர் காத்திருக்கவில்லை. அதனாலேயே அந்தக் காலத்துப் புதுச்சேரியை நாம் இன்று நேரில் பார்க்கிறோம். ஆகவே பாட்டி புடவை போர்த்திய ஏட்டில் பால் கணக்கு எழுதலாம். மாவடு ஊறுகாயின் பக்குவமும், குழந்தைக்கு ஜுரம் கண்ட தேதியும், மழை வந்த நாளும் எழுதலாம். ஒரு காரியத்தில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும்: கைக்காகிதத்துக்குச் சரியான கஞ்சியோ ஜெலட்டினோ ஏற்றப்படாவிட்டால் பேனா மை பரவி எழுத்து ஊறிவிடும். ஆதலால் கடைசித் தாளின் மூலையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. மை ஊறுகிற தாளாக இருந்தால் பென்சிலுக்குக் குறைவொன்றுமில்லை. கிராபைட் எழுத்து வெளிச்சத்தில் மங்குவதுமில்லை.

புடவையாக இருக்கும் வரையில் அது ஒருவருக்கே சேரும். மூத்த மகளுக்கா, மருமகளுக்கா என்று மனஸ்தாபம் வந்த வீடுகளும் உண்டு. ஏடாகிவிட்டாலோ பங்கு எல்லோருக்கும் வரும். நடுத்தர அளவுள்ள ஓர் ஏட்டின் உறைக்கு ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் போதும். ஆறு கஜப் புடவையில் நைந்த பாகமெல்லாம் கழித்து, மூன்றில் ஒரு பங்குதான் தேறியது என்று வைத்துக்கொண்டாலும் 20 ஏடுகளுக்குக் குறையாது. மக்கள், பேரர், அயலூரில் இருக்கும் தம்பி குடும்பம் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று தரலாம். கத்தரிக்குமுன் புடவையை முழுதாக விரித்து, வீட்டார் எல்லோரையும் அழைத்துக் காட்டி, ஒரு படமும் எடுத்துக்கொள்வது முறை. உடலும் கரையும் பலருக்கு வரும். தலைப்பு ஒன்றிரண்டு ஏட்டுக்குத்தான் வரும். அதை வயதைப் பார்த்தோ உறவைப் பார்த்தோ கொடுக்காமல், அந்த வீட்டில் தினமும் தவறாமல் எழுதுகிற பழக்கம் யாருக்கு இருக்கிறதோ அவருக்கே கொடுக்கவேண்டும் என்பது என் கட்சி. அவர் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாக இருந்தாலும் சரியே.